டேங்க் மேல் ஒட்டியிருந்த காகிதம்

டிராய், மிச்சிகன்

பழைய மசில் கார் (பெரிய எஞ்சின் போட்ட அமெரிக்க வேக வண்டி) வாங்கியவர்கள், விற்றவர்கள், ஏமாந்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார்கள். என்னுடையது ஏமாந்த கதை. ஏமாற்றியது வேறு யாரும் இல்லை, நானேதான்.

2011-இல் ஒரு 1970 செவர்லே ஷெவெல் வாங்கினேன், 19,000 டாலர். விற்றவர் வயதானவர், அந்த வண்டியின் மூன்றாவது ஓனர். "இது நிஜமான எஸ்.எஸ். 396, ஆனால் எஞ்சின் மட்டும் ஒரிஜினல் இல்லை, எனக்கு முன்னால் வைத்திருந்தவன் அதை வெடிக்க விட்டுவிட்டான்" என்று மறைக்காமல் சொன்னார். நானும் நம்பினேன், இன்றைக்கும் நம்புகிறேன். பிரச்சினை என்னவென்றால் என் நம்பிக்கையை யாரும் காசு கொடுத்து வாங்க மாட்டார்கள்.

தெரியாதவர்களுக்காக: 1970 ஷெவெலில் எஸ்.எஸ். (சூப்பர் ஸ்போர்ட்) என்பது தனி மாடல் இல்லை, மாலிபு என்ற ஷெவெல் வகை மேல் ஏற்றிய ஆப்ஷன். வின் எண், அதாவது வண்டியின் அடையாள எண், 13637 என்று தொடங்கினால் செவர்லே, மாலிபு வி8, இரண்டு கதவு ஹார்ட்டாப் என்பது வரைக்கும்தான் தெரியும். சாதாரண 307 கன அங்குல எஞ்சின் போட்டு ஆபீசுக்குப் போய்வந்த வண்டிக்கும் அதே எண்தான், 450 குதிரைத்திறன் எல்.எஸ்.6 எஞ்சின் போட்ட அசுரனுக்கும் அதே எண்தான். (396 என்று பேட்ஜ் குத்தியிருந்தாலும் 1970-இல் உள்ளே இருந்தது 402 கன அங்குலம். பெயர் விற்றுக்கொண்டிருந்தது, மாற்றவில்லை.) பேட்ஜ், பானட், கறுப்புப் பட்டை, எல்லாமே கேட்லாக் பார்த்து ஆர்டர் போடலாம். நம் ஊர் ஆர்.சி. புக்கில் எஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பர் இரண்டும் இருக்கும். இங்கே டைட்டில் என்ற உரிமைப் பத்திரத்தில் வின் மட்டும். அதனால் ஒரிஜினல் எஞ்சினும் போய்விட்ட ஒரு ஷெவெலுக்குப் பேச ஆள் என்றால் காகிதம் மட்டும்தான். அதிலும் முக்கியம் பில்ட் ஷீட், அதாவது எந்த வண்டியில் எதை மாட்ட வேண்டும் என்று தொழிற்சாலையில் லைன் ஆட்களுக்குப் போன தாள்.

2013 குளிர்காலத்தில் பெட்ரோல் டேங்க் கசிந்தது. பக்கத்திலிருந்த ஒரு ஷெட்டில் விட்டு, புது டேங்க் மாட்டச் சொன்னேன். மாட்டினார்கள், வேலையில் குறை சொல்ல முடியாது. ஆகஸ்டில் உட்வர்ட் அவென்யூவில் நடக்கும் பழைய கார் ஊர்வலத்துக்கு ஓட்டிக்கொண்டு போனபோது ஒரு பெரியவர் குனிந்து அடியில் பார்த்துவிட்டு, "டேங்க் புதுசா இருக்கே, பழைய டேங்க் மேலே இருந்த ஷீட்டை எடுத்து வைத்தாயா?" என்று கேட்டார். எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. லைன் ஆட்கள் வேலை முடிந்ததும் அந்தத் தாளை டேங்க் மேலேயோ, பின் சீட் ஸ்பிரிங்குக்குள்ளேயோ செருகிவிட்டுப் போவார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஷெட்டுக்கு ஓடினேன். பழைய டேங்க் எப்போதோ இரும்புக் கடைக்குப் போயிருந்தது. கழற்றிய பையன் சாதாரணமாகச் சொன்னான், ஏதோ மக்கின பேப்பர் ஒட்டியிருந்தது, எலிக்கூடு என்று நினைத்தேன் என்று.

பின் சீட்டைப் பிரித்துப் பார்த்தேன். ஒரு சீப்பு, கொஞ்சம் ஓக் கொட்டை. அவ்வளவுதான்.

2018-இல் விற்றேன். வாங்க வந்தவர் நல்ல மனுஷன். "நீங்கள் சொல்வதை நான் நம்புகிறேன், ஆனால் நாளைக்கு நான் விற்கும்போது என்னை யார் நம்புவார்கள்?" என்றார். பதில் இல்லை. பெரிய எஞ்சின் மாட்டிய மாலிபு என்ற விலைக்குத்தான் போனது.

ஃபோர்டு வைத்திருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். 1967 முதலான வண்டிகளின் தயாரிப்புப் பதிவு கெவின் மார்ட்டி என்பவரிடம் இருக்கிறது, வின் எண்ணைக் கொடுத்தால் வண்டி என்னென்ன ஆப்ஷனோடு பிறந்தது என்று அறிக்கை வரும். பாண்டியாக் வண்டிக்காரர்களுக்கு அதே வேலையைச் செய்ய பி.எச்.எஸ். என்ற நிறுவனம் இருக்கிறது. அமெரிக்காவில் விற்ற பழைய செவர்லேவுக்கு அப்படிக் கேட்டு வாங்க ஓர் இடம் இல்லை.

கொலம்பஸ், ஒஹையோ

அண்ணா, உங்களுக்குக் காகிதம் இல்லாத கஷ்டம். நான் பார்த்தது எல்லாம் கச்சிதமாக இருந்த கஷ்டம்.

ஆபீஸ் நண்பர் ஒருவர் செவர்லேயின் 1969 கமரோ இசட்/28 பார்க்கப் போனார், துணைக்கு நான். விற்றவர் போனிலேயே பத்துத் தடவை "நம்பர்ஸ் மேட்சிங்", அதாவது வண்டி பிறந்தபோது மாட்டிய அதே எஞ்சின், என்று சொல்லியிருந்தார். முன்கண்ணாடிக்குக் கீழே எஞ்சின் அறைச் சுவரில் ஒரு சின்னத் தகடு இருக்கும், அதில் எக்ஸ்33 என்று இருந்தது. நார்வுட் ஆலையில் செய்த இசட்/28-க்கு வரும் குறிதான். (லாஸ் ஏஞ்சலஸ் ஆலை வண்டிகளில் இந்த எக்ஸ் குறியே கிடையாது, அங்கே செய்ததில் எக்ஸ்33 பார்த்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.) நண்பர் செக் புக்கையே எடுத்துவிட்டார்.

நான் டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் கொண்டு போயிருந்தேன். எஞ்சின் முன்பக்கம் நம்பர் அடிக்கும் பட்டையில், தொழிற்சாலையில் இழைத்த கோடுகள் மெல்லிசாக, வரிவரியாக இருக்க வேண்டும். இங்கே பழைய நம்பரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து அழித்த மாதிரி வழவழ என்று இருந்தது. நம்பர் மட்டும் சரியாக இசட்/28 எஞ்சினுக்குரிய டி.இசட். குறியோடு, வின் எண்ணின் கடைசி இலக்கங்களோடு பளிச்சென்று இருக்கிறது. சரி, எஞ்சின் பிளாக் வார்த்த தேதியைப் பார்ப்போம் என்று பின்பக்கம் கண்ணாடியை விட்டேன். ஈ 20 9. (ஈ என்பது ஆங்கிலத்தில் ஐந்தாவது எழுத்து, E.) அதாவது 1969 மே 20. தகட்டில் வண்டி செய்த தேதி 03சி, மார்ச் மூன்றாவது வாரம். பிள்ளை பிறப்பதற்கு முன்பே காது குத்தியிருக்கிறார்கள்.

விற்றவரிடம் காட்டினேன். பழைய எஞ்சின் போய் வாரண்டியில் மாற்றியதாக இருக்கும் என்றார். அப்படியென்றால் மாற்று எஞ்சினில் இந்த வண்டியின் வின் எப்படி வந்தது? அதற்குப் பிறகு அவர் வானிலை பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

எஞ்சின் மாற்றியது தப்பே இல்லை. 302 கன அங்குலம், பந்தய விதியின் 5 லிட்டர் வரம்புக்காகவே செய்த எஞ்சின், முறுக்கு முறுக்கு என்று முறுக்கி எத்தனையோ பேர் உடைத்திருக்கிறார்கள். மாற்றினேன் என்று சொல்லியிருந்தால் நண்பர் விலை பேசி வாங்கியே இருப்பார்.

ஸ்கார்பரோ, கனடா

டிராய் அண்ணை, உங்கள் ஷெவெல் கனடாவில் விற்ற காராக இருந்திருந்தால் தப்பியிருப்பீர்கள். இங்கே உள்ள டீலர்களுக்குப் போன வண்டிகளின் பதிவை செவர்லேயின் தாய் நிறுவனமான ஜி.எம்.-இன் கனடாக் கிளை வைத்திருந்தது. வின்னை அனுப்பிக் காசும் கட்டினால் பிரதி கிடைத்தது.

எங்கள் பக்கத்து வீட்டு ஐயா ஜி.எம்.-இன் ஒஷாவா ஆலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவரிடம் 1967 போமண்ட் எஸ்.டி. 396 ஒன்று நிற்கிறது. ஷெவெலின் கனடாத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் விற்கச் சொல்லிக் கரைச்சல் கொடுத்ததால் நான்தான் இருந்து விண்ணப்பம் நிரப்பினேன். தாள் வந்தது. எஞ்சின் சரி, கியர்பொக்ஸ் சரி, எல்லாம் சரி. நிறம் மட்டும் பச்சை என்று இருந்தது. கார் நிற்பது சிவப்பாக. 1979-இல் தானே கராஜுக்குள் வைத்துச் சிவப்புப் பெயின்ற் அடித்ததை மனுஷன் மறந்தே போய்விட்டார். பிறந்த நிறம் மாறினால் விலை இறங்கும், திரும்பப் பச்சை அடிப்போமா என்று கேட்டேன். "மனைவி தெரிந்தெடுத்த சிவப்பு அது" என்றார். அதோடு விற்கும் கதை நின்றுபோனது.

சென்னை

நான் இந்த வண்டிகளைப் படத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன், ஒரு சந்தேகம். டிங்கரிங் பார்த்து, பட்டி போட்டு, புது பெயிண்ட் அடித்தால் விலை கூடத்தானே வேண்டும்? துருவோடு நிற்கிறதற்குத்தான் அதிகம் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன், ஏன்?

ஹூஸ்டன், டெக்சாஸ்

தம்பி, 'புல்லிட்' என்ற ஹாலிவுட் படத்தில் நடிகர் ஸ்டீவ் மெக்வீன் ஓட்டிய 1968 மஸ்டாங் ஜி.டி. கதையைச் சொன்னால் புரியும். அதை 1974-இல் கீர்னன் என்பவர் 6,000 டாலருக்கு வாங்கினார். அவர் மனைவி அதில்தான் வேலைக்குப் போய்வந்தார். 1977-இல் மெக்வீனே திரும்பக் கேட்டுக் கடிதம் எழுதினார். கொடுக்கவில்லை, ஆனால் கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். பிறகு வண்டி பல வருடம் ஓடாமல் கிடந்தது. பெயிண்ட் உரிந்திருந்தது, படப்பிடிப்புக்குப் போட்ட ஓட்டைகள் அப்படியே இருந்தன. யாரும் சிங்காரிக்கவில்லை. 2020 ஜனவரியில் ஃபிளோரிடா ஏலத்தில் 34 லட்சம் டாலர், கமிஷனோடு 37.4 லட்சம். அந்த ஓட்டையை அடைத்துப் புது பச்சை பெயிண்ட் அடித்திருந்தால் என்ன மிஞ்சியிருக்கும்? பார்க்க அழகான ஒரு மஸ்டாங். அது ஊரெல்லாம் இருக்கிறது.

டிராய்காரருக்கு ஒன்று சொல்ல வேண்டும். என்னிடம் 1970 பிளிமத் ரோட் ரன்னர் இருக்கிறது. இந்தக் கிரைஸ்லர் வண்டிகளில் வின் எண்ணின் ஐந்தாவது எழுத்தே எஞ்சினைச் சொல்லிவிடும், 1970-இல் 'ஆர்' (R) என்றால் ஹெமி என்ற பெரிய எஞ்சின், என்னுடையது 'என்' (N), அதாவது 383 எஞ்சின், சந்தேகத்துக்கு இடமில்லை. ஆனாலும் பில்ட் ஷீட் ஆசை விடவில்லை. சீட்டைக் கழற்றியபோது ஸ்பிரிங்குக்குள் ஷீட் கிடைத்தது, கை நடுங்க விரித்துப் பார்த்தால் வேறு ஒரு வண்டியின் எண். ஏதோ ஒரு சேட்டிலைட், பிளிமத்தின் வேறு மாடல். லைனில் இருந்தவர் கையில் கிடைத்ததைச் செருகிவிட்டுப் போயிருக்கிறார். பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறேன், அந்த வண்டிக்காரர் எங்கேயாவது தேடிக்கொண்டிருப்பார். அதனால் உங்கள் டேங்க் மேல் இருந்தது உங்கள் வண்டியின் தாள்தான் என்று யார் கண்டது?

டிராய், மிச்சிகன்

இப்படி ஓர் ஆறுதலை எதிர்பார்க்கவில்லை, நன்றி.

வாங்கியவர் போன மாதம்கூடக் கூப்பிட்டார், டேங்க் மாற்றுவதற்கு முன்னால் எடுத்த படம் ஏதாவது இருக்கிறதா என்று. ஒன்று இருக்கிறது. 2012-இல் சைலன்சர் பார்ப்பதற்காக அடியில் படுத்து எடுத்தது. பெரிதாக்கிப் பார்த்தால் டேங்குக்கும் மேல்தகட்டுக்கும் நடுவில் பழுப்பாக ஓர் ஓரம் தெரிகிறது. காகிதமா துருவா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அனுப்பி வைத்திருக்கிறேன்.