ஸ்டேடியம் டிரக்கில் 15ஐ எடுத்துட்டு 21 எஞ்சின் போடலாமா?

கொருக்குப்பேட்டை_பையன்:
என்னுது பத்துக்கு ஒண்ணு அளவு நைட்ரோ ஸ்டேடியம் டிரக் (நைட்ரோ எரிபொருள்ல ஓடற ரிமோட் மாடல் வண்டி), பின்சக்கர டிரைவ், 15 எஞ்சின், அதாவது 2.5 சிசி. சோழவரம் பக்கம் செம்மண் தரையில் ஓட்டறேன். வளைவு முடிஞ்சு திராட்டில் கொடுத்தா உடனே எழும்ப மாட்டேங்குது. 21 போட்டா 3.5 சிசி கிடைக்கும். இழுவை வேணும்னா சிசி ஏறணும், இதான் என் கட்சி.

எண்ணூர்_நைட்ரோ:
வேணாம் தம்பி. 21ன்னா பிக் பிளாக், அதாவது உடம்பே பெரிய எஞ்சின். மவுண்ட், ஃப்ளைவீல், கிளட்ச், பைப் வரைக்கும் மாத்தணும். பெரிய ஹெட் உயரத்துல உட்காரும். கூடுற எடை பின்பக்கம் விழறதால நேரா போறப்போ பிடிப்பு வரும், அது உண்மை. ஆனா முன் டயர் லேசாயிடும், ஸ்டியரிங் திருப்பினாலும் வண்டி உள்ளே வராது. இந்த ரக வண்டியில பிரேக்கும் பின்சக்கரத்துல மட்டும்தான். வளைவுக்கு முன்னாடி தொட்டா பின்பக்கம் சுத்திக்கும்.

கொருக்குப்பேட்டை_பையன்:
அப்போ எட்டுக்கு ஒண்ணு அளவு டிரக்கியில (டிரக்கும் பக்கியும் கலந்த, இதைவிடப் பெரிய ரகம்) 21 எப்படிணா ஓடுது? அது அழகா வளையுதே!

தண்டையார்பேட்டை_டிரக்கி:
அது நான் ஓட்டற ரகம், நான் சொல்றேன். நாலு சக்கர டிரைவ், மூணு டிஃப் (சக்கரங்களுக்கு இழுவையைப் பிரிக்கற கியர்), அகல டயர். இழுவை நாலு பக்கமும் பிரியும். எஞ்சின் ஒரு பக்கம், டேங்கும் ரிசீவரும் மறுபக்கம்னு எடையைச் சமன் பண்ணித்தான் சேஸிஸையே வரைஞ்சிருக்காங்க. அதுலயே 28 (4.6 சிசி) மாட்டினவங்க டயர் சுத்திச் சுத்தித் தூசி கிளப்பறதைப் பார்த்திருக்கேன்.

ஆனா எண்ணூர் அண்ணா, எடைன்னாலே கெடுதல்னு நான் ஒத்துக்க மாட்டேன். ரொம்ப லேசான வண்டி மேடு பள்ளத்துல துள்ளும், டயர் தரையிலயே நிக்காது. எடை கீழே இருந்தா கூடுதல் எடையும் நல்லதுதான்.

எண்ணூர்_நைட்ரோ:
துள்ளறதுக்கு மருந்து ஷாக் ஆயிலும் ஸ்பிரிங்கும். எடையை ஏத்தி அதைச் சரி பண்ணா, குதிச்சு இறங்கறப்போ சஸ்பென்ஷன் ஆர்ம் உடையும். இதுல நான் இறங்கி வர மாட்டேன்.

தம்பி, உன் வண்டிக்குக் குறை எஞ்சின்ல இல்ல, லோ ஸ்பீட் நீடில்ல (குறைஞ்ச வேகத்துல எரிபொருள் அளவை வைக்கற திருகு) இருக்குன்னு தோணுது. மே மாச வெக்கையில காத்து அடர்த்தி குறையும். மார்கழியில வெச்ச அதே டியூனிங் இப்போ ரிச்சா, அதாவது எரிபொருள் அதிகமா நிக்கும். ஐடில்ல ஃபியூல் டியூபைக் கிள்ளிப் பாரு. ரெண்டு மூணு செகண்டுல லேசா ஆர்பிஎம் ஏறி அணையணும். அதுக்கு மேல ஓடினா ரிச். கொஞ்சம் கொஞ்சமா லீன் பண்ணு, அதாவது எரிபொருளைக் குறை. ஆயிலே எரிபொருள்லதான் இருக்கு, அளவு மீறினா பிஸ்டன் போயிடும். ஹெட் சூடு 120 டிகிரி தாண்டாம பார்த்துக்க.

தண்டையார்பேட்டை_டிரக்கி:
இதுல அண்ணா கட்சிதான் நானும். கிளட்ச் பெல்லுல (எஞ்சின் பக்கத்துச் சின்ன கியர்) ஒரு பல்லும் குறைச்சுப் பாரு, எழுப்பம் உடனே தெரியும்.

கொருக்குப்பேட்டை_பையன்:
பல் குறைச்சா ஸ்ட்ரெயிட்ல வேகம் போயிடுமேணா. எனக்கு அதுவும் வேணும். சில 18 எஞ்சின் சின்ன பிளாக்லயே வருதே, 3 சிசி. எடையும் பெருசா ஏறாது. நீடிலை முதல்ல பார்க்கறேன், ஆனா 18 ஆசையை விடறதா இல்ல.

எண்ணூர்_நைட்ரோ:
18னா பேசலாம். மவுண்ட் துளையும் கிராங்க் நீளமும் பொருந்துதான்னு அளந்துட்டு வாங்கு. இன்னொண்ணு, நம்ம பக்கம் உப்புக்காத்து. ஓட்டி முடிச்சதும் டேங்கைக் காலி பண்ணி எஞ்சினுக்குள்ள ஆஃப்டர் ரன் ஆயில் (துரு தடுக்கற எண்ணெய்) விட்டுடு, இல்லன்னா புது எஞ்சினா இருந்தாலும் பேரிங் துரு பிடிக்கும்.

தண்டையார்பேட்டை_டிரக்கி:
இப்போ கிளட்ச் பெல்லுல எத்தனை பல், ஸ்பர்ல (அது சுத்திவிடற பெரிய கியர்) எத்தனை? எண்ணிப் போடு, கணக்குப் பார்த்துச் சொல்றேன்.