சட்னி ஜார் ஓடுகிறது, மாவு பிசையும் கிண்ணம் மட்டும் ஓடவில்லை – உதவுங்கள்

கேட்டவர் (மயூர் விஹார், தில்லி)

வணக்கம். எங்கள் வீட்டில் ஒரு ஃபுட் ப்ராசஸர் இருக்கிறது. மூன்று மிக்சி ஜார், ஒரு பெரிய கிண்ணம், அதற்குள் போட நறுக்கும் பிளேடு, மாவு பிசையும் பிளாஸ்டிக் பிளேடு, துருவ ஒரு தட்டு, சீவ ஒரு தட்டு, சாத்துக்குடி பிழிய ஒன்று. வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. இதுவரை வெறும் மிக்சியாகத்தான் பயன்படுத்தினோம். அம்மா கையால் பிசைவதே பழக்கம் என்பதால் பெரிய கிண்ணம் பரணிலேயே இருந்தது.

நவம்பரில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டில் எலும்பு முறிந்துவிட்டது. இப்போது கட்டுப் பிரித்தாயிற்று. ஆனால் அழுத்திப் பிசைவது, துணி பிழிவது இரண்டும் இன்னும் மூன்று மாதம் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அப்பாவுக்குச் சர்க்கரை, தினமும் இரவு சப்பாத்திதான். நான் ஆபீஸ் முடிந்து வர எட்டரை ஆகிறது. அதனால் கிண்ணத்தை இறக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை 700 கிராம் ஆட்டா போட்டு, தண்ணீரையும் மொத்தமாக ஊற்றி ஓட விட்டேன். ஒரு நிமிடம் நன்றாகச் சுற்றியது. அப்புறம் உறுமத் தொடங்கி, சூடான வாடை வந்து நின்றுவிட்டது. அரை மணி நேரம் கழித்து அடியில் இருக்கிற சிவப்பு பட்டனை அழுத்தினேன். சட்னி ஜாரை வைத்தால் ஓடியது. நிம்மதியாகக் கிண்ணத்தைக் கழுவி வைத்தேன்.

மறுநாள் கிண்ணத்தை மாட்டினால் சத்தமே இல்லை. உறுமல்கூட இல்லை. மூடியைத் திருகினால் டிக் என்று பூட்டிக்கொள்கிறது, ஸ்விட்சைத் திருப்பினால் ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்துக் கடையில் காட்டினேன். மோட்டார் சுருள் போய்விட்டது, 1,800 ரூபாய் ஆகும் என்றார்கள். ஜார் இன்றைக்கும் ஓடுகிறதே, சுருள் போனால் அது எப்படி ஓடும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அம்மா இடது கையால் பிசைய ஆரம்பித்துவிட்டார், அதைப் பார்க்கத்தான் முடியவில்லை.

பதில் (லாஜ்பத் நகர்)

எங்கள் வீட்டு மெஷினும் மாவு பிசைந்துதான் போனது. இந்த மாதிரி எல்லாவற்றையும் ஒன்றாக வைத்த மெஷினே வேண்டாம். மாவு பிசைய மட்டும் தனி மெஷின் வாங்கிவிடுங்கள்.

பதில் (ஆர்.கே.புரம், மோட்டார் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர்)

தம்பி, யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள். உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. ஜாருக்கும் கிண்ணத்துக்கும் மோட்டார் ஒன்றுதான். சுருள் எரிந்திருந்தால் ஜாரும் ஓடாது. சுமை அதிகமானால் மின்சாரத்தைத் துண்டிக்கிற ஓவர்லோடு ஸ்விட்ச், அதாவது அந்தச் சிவப்பு பட்டன், விழுந்திருந்தாலும் ஜார் ஓடாது. ஜார் ஓடுகிறது என்றால் மோட்டார், ஒயர், பிளக், சிவப்பு பட்டன் எல்லாமே சரி. கிண்ணத்துக்கென்று தனியாக இருக்கிற ஏதோ ஒன்றில்தான் கோளாறு.

அப்படித் தனியாக இருப்பது பூட்டுதான். பல மாடல்களில் கிண்ணத்தின் கைப்பிடிக்குள் ஒரு மெல்லிய கம்பி மேலிருந்து கீழே ஓடும். மூடியின் ஓரத்தில் சின்னதாக ஒரு நாக்கு இருக்கும். மூடியைத் திருகும்போது அந்த நாக்கு கைப்பிடியின் மேல் துளைக்குள் போய்க் கம்பியை அமுக்கும். கம்பியின் மறுமுனை கைப்பிடிக்கு அடியில் எட்டிப்பார்த்து, மெஷினில் இருக்கிற ஒரு குட்டி ஸ்விட்சைத் தட்டும். கிண்ணம் மாட்டியிருக்கும்போது அதைத் தட்டினால்தான் மோட்டாருக்கு மின்சாரம். மூடி இல்லாமல் பிளேடு சுற்றக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு.

பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். கிண்ணத்தை மெஷினில் வைக்காமல் கையில் பிடித்துக்கொண்டு மூடியை மட்டும் திருகிப் பூட்டுங்கள். கைப்பிடியின் அடியைப் பாருங்கள். முனை வெளியே வருகிறதா? மூடியின் நாக்கு முழுசாக இருக்கிறதா, உடைந்திருக்கிறதா? இரண்டையும் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

பதில் (ஜனக்புரி)

இதே தொந்தரவு எங்களுக்கும் வந்தது. மெஷினில் அந்தக் குட்டி ஸ்விட்ச் இருக்கிற ஓட்டையில் ஒரு தீக்குச்சியைச் செருகி டேப் ஒட்டிவிட்டால் போதும், எப்போதும் ஓடும். இரண்டு நிமிட வேலை.

பதில் (ஆர்.கே.புரம்)

ஜனக்புரி சார், கோபித்துக்கொள்ளாதீர்கள், இதை யாரும் செய்ய வேண்டாம். தீக்குச்சி இருந்தால் மூடியே இல்லாமலும் மோட்டார் ஓடும். ஸ்விட்ச் ஒன்றாம் நம்பரில் இருப்பதை மறந்து பிளக்கைச் செருகினாலே போதும். மாவு ஒட்டியிருக்கிறதே என்று யாராவது கையை விட்டு வழிக்கும்போது பிளேடு சுற்றினால் என்ன ஆகும்? மிக்சி ஜாரைவிட இந்தக் கிண்ணம் அகலம், கை எளிதாக உள்ளே போகும். அப்படி விரல் அறுபட்டு வந்தவரை நான் நேரில் பார்த்திருக்கிறேன். நீங்களும் தயவுசெய்து அந்தக் குச்சியை எடுத்துவிடுங்கள்.

கேட்டவர்

ஐயா, பார்த்தேன். மூடியின் நாக்கு முழுசாக இருக்கிறது. ஆனால் முனை வெளியே வரவில்லை. கைப்பிடியின் மேல் துளையில் செல்போன் டார்ச் அடித்தேன். உள்ளே வெள்ளையும் மஞ்சளுமாக ஏதோ அடைத்திருக்கிறது. ஊசியால் குத்தினால் மெழுகு மாதிரி வழுக்குகிறது. கம்பி அதில் சிக்கி நிற்கிறது என்று நினைக்கிறேன். அது உள்ளே இருக்கிற ரப்பரா?

பதில் (கரோல் பாக்)

தம்பி, அது ரப்பர் இல்லை, மாவு. கிண்ணத்தை எந்தத் தண்ணீரில் கழுவினீர்கள்? வெந்நீரா?

கேட்டவர்

ஆமாம் அக்கா. இந்தக் குளிரில் குழாய்த் தண்ணீரில் கை வைக்க முடியவில்லை. கீசர் தண்ணீரை நிறையப் பிடித்து அதிலேயே ஊற வைத்தேன், மாவு சீக்கிரம் விடும் என்று.

பதில் (கரோல் பாக்)

அங்கேதான் சிக்கல். கொலுப் படிக்குக் காகிதம் ஒட்ட மைதாப் பசை காய்ச்சுவோமே, எப்படிக் காய்ச்சுவோம்? மாவைக் கரைத்துச் சூடுபடுத்தினால்தானே கெட்டியாகிப் பிடிக்கிறது? கோதுமை மாவும் அப்படித்தான். நல்ல சூட்டில் அதன் ஸ்டார்ச் தண்ணீரை இழுத்து ஊதிப் பசையாகிவிடும். பச்சைத் தண்ணீரில் மாவு கரைந்து ஓடும், வெந்நீரில் ஒட்டிக்கொள்ளும். நீங்கள் ஊற வைத்தபோது மாவுத் தண்ணீர் கைப்பிடித் துளைக்குள் போய் அங்கேயே பசையாகி, ராத்திரி காய்ந்து இறுகியிருக்கிறது.

இனிமேல் மாவுப் பாத்திரம் எதுவானாலும் முதலில் பச்சைத் தண்ணீர். கை விறைத்தால் ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மாவெல்லாம் போன பிறகு எண்ணெய்ப் பிசுக்குக்கு வேண்டுமானால் வெதுவெதுப்பான தண்ணீர்.

இப்போதைக்குக் கைப்பிடி மூழ்கும்படி பச்சைத் தண்ணீரில் ஒரு ராத்திரி போட்டு வையுங்கள். காலையில் ஊசியால் குத்தாதீர்கள், பிளாஸ்டிக் கீறும். துடைப்பத்து ஈர்க்குச்சி ஒன்றை நன்றாகக் கழுவி, நுனியைத் தட்டி நார் நாராக்கிக்கொண்டு அதால் குடையுங்கள். வளைந்து கொடுக்கும், உடையாது.

பதில் (ஆர்.கே.புரம்)

அக்கா சொன்னதுதான் சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். குடைந்த பிறகு மேல் துளை வழியாகக் கம்பியை ஈர்க்குச்சியால் இருபது முப்பது தடவை அமுக்கி விடுங்கள். அடியில் ஒரு சின்ன ஸ்பிரிங் இருக்கும், கம்பி தானாக மேலே எழும்ப வேண்டும். எழும்பினால் வேலை முடிந்தது. நன்றாக உலர்ந்த பிறகே மெஷினில் வையுங்கள். ஈரம் சொட்டினால் அது நேராகக் குட்டி ஸ்விட்சுக்குத்தான் போகும். எண்ணெய் விட வேண்டாம், அடுத்த தடவை மாவுத் தூள் அதில் ஒட்டிக்கொள்ளும்.

கேட்டவர் (இரண்டு நாள் கழித்து)

ஓடுகிறது! முதல் நாள் ஈர்க்குச்சியின் நுனியில் அரிசி அளவுக்குக் கட்டி கட்டியாக வந்தது. கம்பி பாதிதான் இறங்கியது. மறுபடி ஊறப் போட்டேன். இன்று காலை குடையும்போது கோந்து மாதிரி ஒரு நீளத் துணுக்கு வந்தது, கிட்டத்தட்ட என் சுண்டுவிரல் நீளம். அது வெளியே வந்ததும் கம்பி படக்கென்று மேலே எழும்பியது. மூடியைத் திருகினால் கைப்பிடிக்கு அடியில் முனை எட்டிப்பார்க்கிறது. அம்மாவையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

உங்கள் இருவருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. ஒரு சந்தேகம் பாக்கி இருக்கிறது. முதல் நாள் உறுமி நின்றதே, அது ஏன்? மறுபடியும் அப்படி ஆகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

பதில் (ஆர்.கே.புரம்)

மாவு அதிகம், தண்ணீரும் ஒரே மூச்சில். மாவு திரண்டு பிளேடை இறுக்கும்போது மோட்டார் மெதுவாகும். மெதுவானால் கரண்ட் அதிகம் இழுக்கும், சூடாகும். இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். மோட்டாரைக் குளிர வைக்கிற விசிறியும் அதே அச்சில்தான் இருக்கிறது. மோட்டார் மெதுவானால் விசிறியும் மெதுவாகும். சூடு ஏறுகிற நேரத்தில் காற்று குறைந்துவிடும். சுருள் எரிவதற்கு முன் ஓவர்லோடு ஸ்விட்ச் விழுந்து உங்கள் மோட்டாரைக் காப்பாற்றியது. மறுபடி எப்போதாவது விழுந்தால், முதலில் ஸ்விட்சைப் பூஜ்யத்துக்குத் திருப்பிவிட்டு, ஆற விட்டு, அப்புறம் பட்டனை அழுத்துங்கள்.

மாவு எத்தனை கிராம் வரை போடலாம் என்று மெஷினோடு வந்த புத்தகத்தில் இருக்கும். அதில் முக்கால் பங்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டு தடவையாகப் பிசைந்தால் மோட்டாருக்கு நல்லது, நடுவில் ஐந்து நிமிடம் ஆற விடுங்கள்.

பதில் (கரோல் பாக்)

நான் செய்கிற விதம் சொல்கிறேன். 400 கிராம் ஆட்டா, உப்பு, ஒரு ஸ்பூன் எண்ணெய். இதற்குத் தண்ணீர் 240 மில்லியிலிருந்து 260 வரை பிடிக்கும், ஆட்டாவைப் பொறுத்து. மாவு, உப்பு, எண்ணெயை மட்டும் போட்டு மூடி, ஒன்றாம் நம்பரில் ஓட விட்டு, மேலே இருக்கிற குழாய் வழியாகத் தண்ணீரை நூல் மாதிரி விடுங்கள். தேங்காய் எண்ணெய் உறைந்து கிடக்கிற இந்த மாதத்தில் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும். ஜில் தண்ணீரை மாவு மெதுவாகத்தான் குடிக்கும், பிசையும்போது கடினமாக இருக்கும். கழுவப் பச்சைத் தண்ணீர், பிசைய வெதுவெதுப்பு. கொதிக்கிற தண்ணீர் இரண்டுக்கும் கிடையாது.

முதலில் புட்டு மாவு மாதிரி உதிரியாகச் சுற்றும். அப்புறம் சின்னச் சின்ன உருண்டை. திடீரென்று எல்லாம் சேர்ந்து ஒரே பந்தாகிக் கிண்ணத்துச் சுவரைத் துடைத்துக்கொண்டு சுற்றும், சத்தமும் மாறும். அந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள். மாவு இன்னும் மிருதுவாகட்டும் என்று ஓட விட்டால்தான் மோட்டார் உறுமும். மீதியை நேரம் பார்த்துக்கொள்ளும். ஈரத் துணி போட்டு இருபது நிமிடம் வையுங்கள், மாவு தானாக இளகிவிடும். அம்மா ஒரு விரலால் அமுக்கிப் பார்த்தால் போதும். 400 கிராமில் பதினான்கு, பதினைந்து சப்பாத்தி வரும்.

பதில் (துவாரகா)

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். இந்தப் பெரிய கிண்ணத்திலேயே இட்லி மாவு அரைக்கலாமா? எங்களிடம் கிரைண்டர் இல்லை.

பதில் (ஆர்.கே.புரம்)

வேண்டாம். கிண்ணம் அகலமானது. அரிசி சுவரோரமாக ஒதுங்கிவிடும், பிளேடுக்குத் திரும்பி வராது, ரவையாகவே நிற்கும். குறுகலான ஜாரில் சுழல் உண்டாகி அரிசி திரும்பத் திரும்பப் பிளேடில் விழும், அதனால்தான் மையும். இந்த மெஷின் உண்மையில் இரண்டு மெஷின். பிரான்சில் பியர் வெர்டன் ஹோட்டல் சமையலறைக்காக உண்டாக்கிய வெட்டும் மெஷினின் வழியில் வந்தது பெரிய கிண்ணம். 1971-ல் மாஜிமிக்ஸ் என்ற பெயரில் வீட்டுக்கும் வந்தது. ஜார் வேறு வழி. நம் ஊர் உளுந்தும் மிளகாயும் அரைக்க வெளிநாட்டு மிக்சிக்குத் தெம்பு போதவில்லை என்று 1960-களில் மும்பையில் எஸ்.பி. மாத்தூர் சுமீத் மிக்சியை உருவாக்கினார். நறுக்க, துருவ, பிசையக் கிண்ணம். அரைக்க ஜார். இட்லி மாவை ஜாரில் கொஞ்சம் கொஞ்சமாக, ஐஸ் தண்ணீர் விட்டு அரையுங்கள், மாவு சூடேறாது.

கேட்டவர்

நேற்று இரவு அக்கா சொன்ன கணக்கில் பிசைந்தேன். அந்தப் பந்து சேர்கிற சத்தம் எனக்கே கேட்டது, உடனே நிறுத்தினேன். அம்மா இடது விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டிருக்கலாம், மற்றபடி சரி என்றார். அப்பா நான்கு சாப்பிட்டார்.

அக்கா, கடைசியாக ஒன்று. சந்தையில் சிவப்புக் கேரட் நிறைய வந்திருக்கிறது. அல்வாவுக்குத் துருவினேன், பொடிப் பொடியாகத் தண்ணீர் விட்டுக்கொண்டு விழுந்தது. தட்டு மொண்ணையாகிவிட்டதா?

பதில் (கரோல் பாக்)

இரண்டு வருடம் பரணில் இருந்த தட்டு எப்படி மொண்ணையாகும் தம்பி? குழாயில் கேரட்டை நிற்க வைத்திருப்பீர்கள். அப்படி வைத்தால் குட்டை குட்டையாகத்தான் விழும். குழாயின் அகலத்துக்குத் துண்டு போட்டுப் படுக்க வையுங்கள், நீளமாக வரும். மேலே தள்ளும் கட்டையை லேசாக வையுங்கள், அழுத்தினால் கேரட் நசுங்கிச் சாறு விடும். இந்த ஊர்க் கேரட்டில் நடுத்தண்டு வெளுப்பாகக் கட்டையாக இருந்தால் அதை நீக்கிவிடுங்கள். கடைசியில் தட்டுக்கு மேல் ஒரு சில்லு சிக்கி நிற்கும், எல்லா மெஷினிலும் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு எடுத்துக் கையால் துருவிக்கொள்ளுங்கள்.

கேட்டவர்

படுக்க வைத்ததும் நீள நீளமாக வருகிறது அக்கா. ஒரு கிலோ கேரட் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஈர்க்குச்சியை மெஷினுக்குப் பக்கத்திலேயே ஒரு டம்ளரில் வைத்திருக்கிறேன். அம்மா அல்வாவுக்குப் பால் வாங்கி வரச் சொல்கிறார், கிளம்புகிறேன்.