சுரங்க நிறுவனத்தை இசட் ஸ்கோரால் அளந்த அனுபவங்கள்

இழையைத் தொடங்கியவர்:

சுரங்க நிறுவனத்தின் பங்கையோ கடன் பத்திரத்தையோ வாங்குவதற்கு முன் திவால் ஆபத்தைக் காட்டும் இசட் ஸ்கோர், நிதி வலுவை அளக்கும் எஃப் ஸ்கோர், கணக்கைத் திரித்திருக்கலாமா என்று காட்டும் எம் ஸ்கோர் ஆகியவற்றைக் கணக்கிட்டுப் பார்க்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அண்மையில் ஒரே நிறுவனத்தை ஒரு மதிப்பெண் ‘பாதுகாப்பானது’ என்றும் மற்றொன்று ‘சந்தேகத்துக்குரியது’ என்றும் காட்டியதால், எதை நம்புவது என்று தெரியாமல் நின்றேன். சூத்திரங்களைப் புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம். நீங்கள் கணக்கிட்டதையும் அதற்குப் பிறகு நடந்ததையும், சொந்த அனுபவமாயின் நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்து, இங்கே எழுதுங்கள்.

கடன் பத்திர ஆய்வாளராக இருந்தவர்:

நான் வாங்கலாம் என்று பரிந்துரைத்து, பின்னர் பெரும் நட்டத்தில் முடிந்த ஒரு செப்புச் சுரங்க நிறுவனத்தைப் பற்றி எழுதுகிறேன். விலை உச்சத்தில் இருந்த ஆண்டு அது. ஒப்பிட எளிதாக இருக்கும் என்பதால் அதன் மொத்தச் சொத்தை 100 என வைத்துக்கொள்கிறேன். மற்ற எண்கள் அந்த அளவுக்கு ஏற்ப முழுமையாக்கப்பட்டவை. நடைமுறை மூலதனம் 12, தக்கவைத்த இலாபம் 25, வட்டிக்கும் வரிக்கும் முந்தைய இலாபம் 18, விற்பனை 45, மொத்தப் பொறுப்புகள் 40, பங்குச் சந்தை அந்த நிறுவனத்துக்குக் கொடுத்த மதிப்பு 180. எட்வர்ட் ஆல்ட்மன் 1968 இல் வெளியிட்ட சூத்திரத்தின்படி முதல் நான்கு எண்களை மொத்தச் சொத்தாலும் சந்தை மதிப்பைப் பொறுப்புகளாலும் வகுத்து, முறையே 1.2, 1.4, 3.3, 1.0, 0.6 ஆகிய எடைகளால் பெருக்கிக் கூட்டினால் 4.24 வருகிறது. 2.99 க்கு மேல் இருந்தாலே பாதுகாப்பு வட்டம் என்பதால், என் அறிக்கையில் அந்த எண்ணைத் தடித்த எழுத்தில் அச்சிட்டிருந்தேன்.

அந்த 4.24 எதனால் ஆனது என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை. சந்தை மதிப்பைப் பொறுப்புகளால் வகுத்து 0.6 ஆல் பெருக்கினால் 2.70 கிடைக்கிறது, அதாவது மொத்த மதிப்பெண்ணில் ஏறக்குறைய 64 விழுக்காடு பங்கு விலை என்ற ஒற்றைக் காலின் மீது நின்றது. அந்தப் பங்கு விலையோ செப்பின் விலையைப் பிடித்துக்கொண்டு ஏறியது. கணக்கேட்டிலிருந்து பிறந்த, உணர்ச்சி கலவாத அளவுகோல் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது, உண்மையில் சந்தையின் உற்சாகத்தைத்தான் எனக்குத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது.

இரண்டு ஆண்டுகளில் செப்பு விலை விழுந்தது. இடைப்பட்ட காலத்தில் கடன் வாங்கிப் புதிய குழியைத் திறந்திருந்தார்கள். பிறகு அதன் மதிப்பில் பெரும்பகுதியைக் குறைத்தெழுதியதால் மொத்தச் சொத்து மீண்டும் 100 க்கு அருகில் வந்து நின்றது. பொறுப்புகள் 55, தக்கவைத்த இலாபம் 10, நடைமுறை மூலதனம் 2, விற்பனை 30, குறைத்தெழுதிய செலவைச் சேர்க்காமல் பார்த்தால் இலாபம் 1, சந்தை மதிப்பு 40. மதிப்பெண் 0.93. ஆபத்து வட்டம் 1.81 க்குக் கீழே தொடங்குகிறது. கடன் பத்திரத்தின் விலை அதற்குள் பாதிக்கும் கீழே போயிருந்ததால், அப்போது கிடைத்த எச்சரிக்கையால் எனக்கு எந்தப் பயனும் இல்லை.

இதைச் சொன்னால் பலரும் உடனே, ‘அந்தச் சூத்திரம் தொழிற்சாலைகளுக்கானது, இசட் இரட்டைக் கோடு வடிவத்தைப் பயன்படுத்தியிருக்க வேண்டும்’ என்பார்கள். முதற்பகுதி சரிதான். ஆல்ட்மன் எடுத்துக்கொண்டவை 66 உற்பத்தி நிறுவனங்கள். அவற்றில் 33 திவாலானவை, 33 பிழைத்தவை. பூமிக்குள் பல ஆண்டுகள் பணத்தைக் கொட்டிய பிறகே விற்பனையைப் பார்க்கும் சுரங்கத்துக்கு, சொத்தோடு ஒப்பிட்ட விற்பனை எப்போதும் குறைவாகவே இருக்கும். அதை வைத்து ஒரு பண்ட உற்பத்தியாளரோடு ஒப்பிடுவது நியாயமாகாது. இரட்டைக் கோடு என்று அவர்கள் சொல்லும், பின்னர் வந்த நான்கு உறுப்பு வடிவம் விற்பனையை விட்டுவிடுகிறது, சந்தை மதிப்புக்குப் பதிலாகப் பங்குதாரர் நிதியின் ஏட்டு மதிப்பை எடுத்துக்கொள்கிறது. எடைகள் 6.56, 3.26, 6.72, 1.05. 1.1 க்குக் கீழே ஆபத்து, 2.6 க்கு மேல் பாதுகாப்பு, இடையில் சாம்பல் வட்டம்.

ஆனால் உச்ச ஆண்டின் எண்களை அதில் இட்டாலும் 4.39 வருகிறது. அதுவும் பாதுகாப்புதான்! பங்கு விலையை வாசல் வழியே வெளியேற்றினோம். செப்பு விலை இலாபத்தின் வழியே உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. ஆகவே சூத்திரத்தை மாற்றுவதில் பெரிய பயன் இருப்பதாக நான் இப்போது நினைப்பதில்லை. சூத்திரத்துக்குள் இடும் ஆண்டை மாற்ற வேண்டும் என்று நினைக்கிறேன்.

அதன் பிறகு நான் பின்பற்றும் முறை இதுதான். நிறுவனம் வெளியிட்ட இருப்புநிலைக் குறிப்பை எடுத்துக்கொண்டு, அது ஏற்கெனவே உறுதியளித்துள்ள விரிவாக்கச் செலவு முழுவதும் கடனாகச் சேர்ந்துவிட்டதாகவும், உலோகத்தின் விலை நீண்டகாலச் சராசரிக்கு இறங்கிவிட்டதாகவும் ஒரு கற்பனைக் குறிப்பைத் தயாரிக்கிறேன். மேலே சொன்ன நிறுவனத்துக்கு விற்பனை 30 விழுக்காடு குறைந்தால் 31.5, செலவு பெரும்பாலும் நிலையானது என்பதால் 27 ஆகவே வைத்தால் இலாபம் 4.5 மட்டுமே. சொத்து 120, பொறுப்பு 60, நடைமுறை மூலதனம் 2. நான்கு உறுப்பு மதிப்பெண் 2.09 ஆகச் சாம்பல் வட்டத்துக்கு இறங்குகிறது. இந்தக் கணக்கைப் போட உச்ச ஆண்டின் அறிக்கையே போதுமானதாக இருந்தது. விலை விழும் என்று அன்று யாராலும் உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது. விழுந்தால் என்னவாகும் என்பதை ஒரு மாலைப் பொழுதில் கணக்கிட்டிருக்க முடியும்.

தணிக்கைத் துறையில் பணியாற்றியவர்:

மேலே உள்ளவர் இலாபம் என்று எடுத்துக்கொண்ட 18 என்ற எண்ணிலேயே ஒரு கேள்வி இருக்கிறது. திறந்தவெளிச் சுரங்கத்தில் தாதுவை அடைவதற்கு முன் அகற்றப்படும் மேல்மண்ணுக்கும் பாறைக்கும் ஆகும் செலவு, பிற்காலத்தில் எடுக்கப்போகும் தாதுவுக்கு வழி திறக்கிறது என்றால், அதைச் செலவாகக் காட்டாமல் சொத்தாகப் பதிவு செய்யலாம். பன்னாட்டு நிதி அறிக்கைத் தரங்களில் 20 ஆம் எண் விளக்கம் இதற்கான நிபந்தனைகளைச் சொல்கிறது. விதிக்கு உட்பட்ட பதிவுதான், மோசடி அன்று. எவ்வளவு பங்கு இன்றைய செலவு, எவ்வளவு பங்கு நாளைய சொத்து என்று பிரிப்பது மட்டும் நிர்வாகத்தின் மதிப்பீட்டைச் சார்ந்தது.

நான் தணிக்கைக் குழுவில் இருந்த ஒரு நிறுவனத்தில், தாதுத் தரம் குறையக் குறைய, சொத்தாக மாற்றப்பட்ட மேல்மண் செலவு ஆண்டுக்காண்டு வளர்ந்தது. அதன் விளைவை மூன்று மதிப்பெண்களிலும் போட்டுப் பார்த்தேன். இசட் ஸ்கோரில் இலாபம் உயர்ந்தது. ஜோசப் பியோட்ரோஸ்கி 2000 இல் முன்வைத்த எஃப் ஸ்கோரில், ஒன்பது கேள்விகளுள் மொத்த இலாப விகிதம் கூடியதா, செயல்பாட்டு ரொக்க வரவு நேர்மமாக உள்ளதா ஆகிய இரண்டுக்கும் ‘ஆம்’ என்ற பதிலே கிடைத்தது. ஏனெனில் அந்தப் பணம் ரொக்க ஓட்ட அறிக்கையில் செயல்பாட்டுப் பகுதியிலிருந்து முதலீட்டுப் பகுதிக்கு நகர்ந்துவிட்டது. கணக்கைத் திரித்தவர்களைக் கண்டுபிடிப்பதற்காகவே மெசோட் பெனீஷ் 1999 இல் உருவாக்கிய எம் ஸ்கோர் என்ன சொல்லும் என்று ஆவலோடு பார்த்தேன். அதில் மிகப் பெரிய எடை, 4.679, இலாபத்துக்கும் ரொக்கத்துக்கும் உள்ள இடைவெளிக்குத் தரப்பட்டிருக்கிறது. இங்கே இலாபமும் செயல்பாட்டு ரொக்கமும் ஒரே அளவு உயர்ந்ததால் இடைவெளி மாறவே இல்லை. சொத்தின் தரத்தை அளக்கும் உறுப்பு, ஆலை, இயந்திரம் போன்ற நிலைச்சொத்துகளைச் சந்தேகத்துக்கு வெளியே வைக்கிறது. மேல்மண் செலவும் அந்தத் தலைப்பின் கீழேதான் போய்ச் சேருகிறது. எம் ஸ்கோர் வாயைத் திறக்கவில்லை.

இதற்கு நேர்மாறாக, விலை ஏறிய ஆண்டில் நேர்மையான நிறுவனத்தையும் எம் ஸ்கோர் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடும். முந்தைய ஆண்டோடு ஒப்பிடும் எல்லாக் குறியீடுகளும் மாறாமல் 1 ஆகவும் இடைவெளி சுழியமாகவும் இருந்தால் மதிப்பெண் −2.48. விலை உயர்வால் விற்பனை 60 விழுக்காடு கூடினால் 0.54 சேரும். செறிவூட்டிய தாதுவைத் தற்காலிக விலைக்கு விற்று, இறுதி விலை பிறகு முடிவாகும் வழக்கத்தால் வரவேண்டிய பாக்கி, விற்பனையோடு ஒப்பிட 1.35 மடங்கானால் மேலும் 0.32 சேரும். இவ்விரண்டு மட்டுமே மதிப்பெண்ணை −1.62 வரை தூக்கிவிடுகின்றன, −1.78 க்கு மேல் போனாலே சந்தேகம். இழையைத் தொடங்கியவர் கண்ட முரண்பாடு பெரும்பாலும் இப்படித்தான் பிறந்திருக்கும் என்பது என் ஊகம். விற்பனை உயர்வைத் தொன் கணக்கு, விலை என்று இரண்டாகப் பிரித்து, தொன் உயர்வை மட்டும் இட்டு மறுபடியும் கணக்கிட்டுப் பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சொத்தின் மதிப்பைப் பெருமளவில் குறைத்தெழுதிய நிறுவனம், அடுத்த ஆண்டே எஃப் ஸ்கோரில் அழகாகத் தெரியும். வகுக்கும் எண் சிறுத்துவிட்டதால் சொத்தின் மீதான ஆதாயம் உயர்கிறது, சொத்துச் சுழற்சி உயர்கிறது, தேய்மானம் குறைவதால் இலாப விகிதமும் உயர்கிறது. சுரங்கத்திலிருந்து ஒரு தொன்கூடக் கூடுதலாக வரவில்லை. மூன்று புள்ளிகள் வந்துவிட்டன. 2013 இல் பல தங்கச் சுரங்க நிறுவனங்கள் பெருந்தொகைகளைக் குறைத்தெழுதின. பாரிக் நிறுவனம் அந்த ஆண்டின் இரண்டாம் காலாண்டில் மட்டும் பாஸ்குவா லாமா திட்டத்துக்காக 500 கோடி டாலருக்கு மேல் குறைத்தெழுதியது. அதுபோன்ற ஆண்டை அடுத்து வரும் மதிப்பெண்களைப் படிக்கும்போது, பழைய சொத்து மதிப்பையே வைத்து ஒருமுறை கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது.

சிறு ஆய்வு நிறுவனங்களில் முதலீடு செய்பவர்:

என் அனுபவம் சுருக்கமானது. விற்பனையே இல்லாமல் துளையிட்டுத் தாது தேடும் நிறுவனங்களுக்கு இந்த மதிப்பெண்கள் எதற்கும் உதவா. இலாபம் இல்லை, செயல்பாட்டு ரொக்கம் எதிர்மம், ஆண்டுதோறும் புதிய பங்கு வெளியீடு. எஃப் ஸ்கோர் ஒன்றையோ இரண்டையோ தாண்டாது. நன்றாகத் துளையிட்ட நிறுவனத்துக்கும் வெறும் விளம்பரத்தில் காலம் தள்ளிய நிறுவனத்துக்கும் ஒரே மதிப்பெண் வந்ததைக் கண்ட பிறகு அந்தப் பழக்கத்தை விட்டேன். இந்தோனேசியாவின் புசாங்கில் தங்கம் இருப்பதாகச் சொல்லி 1997 இல் அம்பலமான பிரே எக்ஸ் என்ற கனடிய நிறுவனத்தின் விவகாரத்தில், துளையிட்டெடுத்த மாதிரிகளின் பைகளுக்குள் கலந்த தங்கத் தூளில்தான் பொய் இருந்தது. இருப்புநிலைக் குறிப்பைத் துருவி அதைக் கண்டிருக்க முடியாது. கையில் உள்ள ரொக்கத்தை மாதச் செலவால் வகுத்து, அடுத்த பங்கு வெளியீடு எத்தனை மாதத்தில் வரும் என்று மட்டும் இப்போது பார்க்கிறேன்.

சுரங்க நிலச் சீரமைப்புப் பணிகளின் நிதியைக் கவனித்தவர்:

இங்கே எல்லோரும் முதலீட்டாளரின் கண்ணோடு எழுதுகிறீர்கள். கணக்கு விகிதங்களை நம்பிச் சட்டமே ஏமாந்த கதை ஒன்றுண்டு. அமெரிக்காவில் நிலக்கரி எடுத்த நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதற்கான பிணையை, நிதிநிலை வலுவாக உள்ள நிறுவனம் வெளியார் உத்தரவாதமின்றித் தன் சொல்லாலேயே தரலாம் என்று விதி அனுமதித்தது. வலுவைக் காட்டும் வழிகளில் ஒன்று, பொறுப்புகள் நிகர மதிப்பின் 2.5 மடங்குக்குள்ளும், நடப்புச் சொத்து நடப்புப் பொறுப்பின் 1.2 மடங்குக்குக் குறையாமலும் இருப்பது. ஆல்ஃபா நேச்சுரல் ரிசோர்சஸ் 2015 ஆகஸ்டிலும், ஆர்ச் கோல் 2016 ஜனவரியிலும், பீபாடி 2016 ஏப்ரலிலும் திவால் பாதுகாப்பு கோரின. மூன்றும் இத்தகைய சொற்பிணையை நம்பியிருந்தவை, பீபாடியின் பிணை மட்டும் 100 கோடி டாலருக்கு மேல். ஒழுங்குமுறை அதிகாரிகளின் கையில் இருந்தது கடந்த ஆண்டின் விகிதம். நிலத்தைச் சீராக்க வேண்டிய செலவோ வரும் பல பத்தாண்டுகளுக்கு உரியது.

அந்தச் செலவுக்காகப் பொறுப்பாகக் காட்டும் ஒதுக்கீட்டின் அளவே, எதிர்காலத் தொகையை இன்றைய மதிப்பாக்கும் தள்ளுபடி வீதத்தைப் பொறுத்தது என்பதும் கவனத்துக்குரியது. 25 ஆண்டுகளுக்குப் பின் செலவாகும் 100 ஐ 3 விழுக்காட்டில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் ஏறத்தாழ 48. 6 விழுக்காட்டில் கொண்டுவந்தால் 23. சுரங்கம் அதேதான், குழியின் ஆழம் அதேதான்; இந்த ஒதுக்கீடு பாதியாகிவிட்டது, இசட் ஸ்கோரும் அதற்கேற்ப மேலேறிவிட்டது. இரு நிறுவனங்களை ஒப்பிடும்போது இந்த வீதத்தை ஒன்றாக்காமல் கணக்கிட்ட மதிப்பெண்களை நான் படிப்பதே இல்லை.

கடன் பத்திர ஆய்வாளராக இருந்தவர்:

தணிக்கைத் துறை நண்பர் கேட்டதற்காகப் பழைய ஆண்டறிக்கையை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். உச்ச ஆண்டில், தேய்மானம் போக நிகரமாகச் சொத்தில் சேர்க்கப்பட்ட மேல்மண் செலவு, என் அளவில் 6. அதைச் செலவாகக் கொண்டால் அந்த ஆண்டின் இலாபம் 18 அன்று, 12. விலை இறங்கிய கற்பனைக் குறிப்பில் 4.5 இலாபம் 1.5 நட்டமாகிறது. மற்ற எண்களைத் தொடாமலே நான்கு உறுப்பு மதிப்பெண் 2.09 இலிருந்து 1.75 ஆகிறது. இன்னமும் சாம்பல் வட்டம்தான். ஆபத்து என்று அடித்துச் சொல்லியிருக்க முடியாது. ஆனால் என் பரிந்துரைக் குறிப்பில் 4.24 ஐத் தடித்த எழுத்தில் போட்டிருக்க மாட்டேன். மேல்மண் பற்றிய விவரம் நிலைச்சொத்துகளுக்கான இணைப்பு அட்டவணையில் ஒரே ஒரு வரியாக இருந்தது; என் பிரதியில் அந்தப் பக்கத்தில் ஒரு பென்சில் கோடுகூட இல்லை.