அறுப்பின் பண்டிகையும் அம்மாவோட பிடி அரிசி பாட்டிலும் (உங்க வீட்டுக் கதையும் சொல்லுங்க)

நவம்பர் நாலாவது வியாழன் வந்தா எங்க டீமுக்கே ஒரு நிம்மதி, அமெரிக்கால தேங்க்ஸ்கிவிங் லீவு, நைட் கால் கிடையாது. போன வருஷம் அதுக்கு முந்தின நாள் கால்ல அங்க உள்ள ஒருத்தர், உங்க ஊர்ல இப்படி ஏதாச்சும் உண்டான்னு கேட்டார். நான் அறுப்பின் பண்டிகையப் பத்தி (வெளச்சலுக்கு நன்றியா அதுல ஒரு பங்க சர்ச்ல படைக்கிற நாள்) ஆரம்பிச்சு, சர்ச் ஏலத்துல ஒத்த முட்டை 300 ரூபாய்க்குப் போனத நானே பாத்திருக்கேன்னு சொன்னதும் மனுஷன் நம்பவே இல்ல.

நாங்க தூத்துக்குடி மாவட்டம் நாசரேத் பக்கம், ஆனா நான் வளந்ததெல்லாம் பெங்களூர் லிங்கராஜபுரம், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) தமிழ் சர்ச். ஊர்ல வயல்ல வெளஞ்சது, மொதத் தார் வாழை, கருப்பட்டி, கோழின்னு ஆல்டர் முன்னால கொண்டு வந்து வைப்பாங்க. இங்க யாருக்கு வயல் இருக்கு? மாடித் தொட்டில காச்ச நாலு எலுமிச்ச, ஒரு கொத்து கறிவேப்பில, சிலர் கே.ஆர். மார்க்கெட்ல வாங்கின பூசணிக்காய சொந்த வெளச்சல் மாதிரி தோள்ல தூக்கிட்டு வருவாங்க (எங்கப்பாவும்தான்). ஆராதனை முடிஞ்சதும் ஏலம், எடுத்தவரே "திரும்ப விடுங்க ஐயா"ம்பார், ஒரே தேங்கா மூணு வாட்டி விலை போகும்.

அம்மா கணக்கு வேற, பிடி அரிசி. தெரியாதவங்களுக்கு: உலை வைக்கும்போது அளந்த அரிசில ஒரு கைப்பிடி திரும்ப எடுத்து தனியா போட்டு வச்சு சர்ச்ல கொண்டு குடுக்கறது. எங்க வீட்ல அது ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில், வண்டு வராம இருக்க உள்ள ரெண்டு காஞ்ச மிளகா கிடக்கும். சின்ன வயசுல அந்த பாட்டில்ல கை வச்சா அடிதான்.

அன்னைக்கு இந்த அமெரிக்கா கதைய வீட்ல சொன்னேனா, அப்பா உடனே ராத்திரி குடும்ப ஜெபத்துல பைபிள்ல 103-ம் சங்கீதம் வாசிச்சுட்டு ஆளுக்கு ஒரு நன்றி சொல்லணும்னுட்டார். தம்பி புது வேலைக்கு, நான் பிள்ளைக்கு டெங்கு சரியானதுக்கு. அம்மா ரொம்ப நேரம் பேசல, அப்புறம் "2009 ஜூன் மாசத்துக்கு"ன்னாங்க.

எங்களுக்கு ஒண்ணும் புரியல. 2009-ல அப்பாவுக்கு பீனியாவுல ஒர்க்ஷாப் வேலை போயிருந்தது, எங்க ஸ்கூல் ஃபீஸ் வேற கட்ட வேண்டிய நேரம், மளிகக் கடைல கடன் நின்னு போச்சு. அம்மா அந்த பாட்டிலத் திறந்து பன்னண்டு நாள் எங்களுக்குப் பொங்கிப் போட்டிருக்காங்க. காணிக்கை அரிசி. யார்ட்டயும் மூச்சு விடல. பண்டிகை அன்னைக்கு அடில கொஞ்சூண்டு அரிசியோட பாட்டில எடுத்துட்டுப் போய் கடைசி பெஞ்ச்லயே உக்காந்திருந்தாங்களாம். எல்லாரும் கொண்டு வர்றதும் ஒரே சாக்குலதான் விழும், யாருக்கும் தெரியப் போறதில்ல, ஆனாலும் மனசு கேக்காம ஐயரம்மாட்ட (பாஸ்டரோட மனைவிய அப்படித்தான் சொல்வோம்) போய் அழுதுட்டாங்க. ஐயரம்மா சிரிச்சுட்டு, "இந்த அரிசி யாருக்குப் போவுதுன்னு நெனச்ச? இல்லாத வீட்டுக்குத்தான. இந்த வருசம் சாக்கு வரைக்கும் வராம நேரா வந்துட்டு, அவ்ளோதான்"ன்னாங்களாம்.

அப்பா கண்ணாடியக் கழட்டி வச்சுட்டு "எனக்கு ஏன் சொல்லல"ன்னார். "சொன்னா சாப்பிட்டிருப்பீங்களா"ன்னு அம்மா கேட்டாங்க. அவர்ட்ட பதில் இல்ல.

2010-ல வேலை கெடச்சதும் அப்பா ஏலத்துல வீம்புக்கு 650 ரூபாய் குடுத்து ஒரு பூசணி எடுத்தார், அந்த வாரம் முழுக்க கூட்டு, சாம்பார், மறுபடி கூட்டு. இன்னைக்கும் எனக்குப் பூசணி இறங்காது.

பதில் 1: நாங்க கத்தோலிக்கம், சிவாஜிநகர். எங்களுக்கு ஏலம்லாம் கிடையாது, நன்றின்னாலே செப்டம்பர் 8, மாதா திருவிழாதான். ஒம்பது நாள் நவநாள், மாதாவுக்கு விதவிதமா சேலை சாத்துவாங்க. எங்க பாட்டி ஆபரேஷன் நல்லா முடிஞ்சா காவிச் சேலை கட்டி வர்றேன்னு நேந்துக்கிட்டாங்க, முடிஞ்சது, ஆனா திருவிழா அன்னைக்கு பயங்கர மழை. ஆட்டோ உள்ள விடல, முட்டு வலியோட பாதி தூரம் நடந்தாங்க, ஒரு கன்னடக்காரம்மா, அவங்க கிறிஸ்டியன் கூட இல்ல, கடைசி வரைக்கும் குடை பிடிச்சுட்டே வந்தாங்க. பேர் கேக்க மறந்துட்டோம்னு பாட்டி சாகற வரை புலம்பினாங்க.

பதில் 2: எங்க சர்ச்ல ஏலக் கோழி கயித்த அத்துக்கிட்டு ஆர்கன் மேல ஏறிடுச்சு. பிடிச்சவருக்கே 1,000 ரூபாய்க்குத் தலைல கட்டிட்டாங்க 😂 ஆமா, அம்மா இன்னும் பிடி அரிசி எடுக்காங்களா?

பதிவர்: எடுக்காங்க, அதே பாட்டில். சுகர் வந்ததுல இருந்து ராத்திரிக்கு சப்பாத்திதான், அப்போ ஒரு பிடி கோதுமை மாவும் எடுத்து வைக்கணும்லன்னு இப்ப உள்ள ஐயரம்மாட்ட கேட்டிருக்காங்க. வேண்டாம்மா, பூச்சி வச்சுரும்னுட்டாங்க.