டப்ளினுக்குப் பிரித்து அனுப்பும் சரக்கு: 12% வரியைத் தவிர்க்க வழி உண்டா?

வணக்கம். சுங்க ஏஜென்சி வேலை தெரிந்தவர்கள் உதவுங்கள்.

வங்கதேசத்தில் தைத்த பருத்தி டி-ஷர்ட் (சுங்கக் குறியீடு 6109), 150 பெட்டி, பெட்டிக்கு 40, பிரிட்டனின் ஃபெலிக்ஸ்டோ துறைமுகத்தில் இறங்குகிறது. அதில் 30 பெட்டி டப்ளின் கடைக்கு. பிரிட்டனில் வளரும் நாடுகளுக்கான சலுகையில் வரி 0%. ஆனால் இங்கே விடுவித்துவிட்டு அயர்லாந்துக்கு அனுப்பினால் ஐரோப்பிய ஒன்றிய வரி 12% கட்ட வேண்டும். உருப்படி 3 பவுண்டு என்றால் 1,200-க்கு 432 பவுண்டு. 2021 முதல் நடப்பிலுள்ள பிரிட்டன்-ஐரோப்பிய ஒன்றிய வணிக ஒப்பந்தத்தின் பூஜ்ய வரி பிரிட்டனிலேயே உருவான பொருளுக்குத்தான். லெஸ்டரில் படம் அச்சடித்தாலும் அது பிரிட்டிஷ் சரக்காகிவிடாது. அதோடு ஐரோப்பிய ஒன்றியம் வங்கதேசச் சரக்குக்குத் தரும் வரிச் சலுகையும் கெட்டுப்போகும்.

எனவே யோசனை: 30 பெட்டியை இங்கே விடுவிக்காமல் பாண்டட் கிடங்கில் (வரி கட்டாத சரக்கைச் சுங்கக் கண்காணிப்பில் வைக்கும் இடம்) வைத்து, டி1 (வரி கட்டாமல் கடத்திச் செல்லும் சுங்க ஆவணம்) போட்டு ஹோலிஹெட் துறைமுகம் வழியாக டப்ளின்; அங்கே வங்கதேசச் சலுகையைக் கேட்பது. சுங்கக் கண்காணிப்பில் பிரிப்பதும், ஐரோப்பிய விதி கேட்கும் லேபிள் ஒட்டுவதும் அனுமதிக்கப்பட்டவை.

சிக்கல் தாளில்தான். ஏற்றுமதியாளரின் ரெக்ஸ் எண் (ஐரோப்பிய ஒன்றியச் சலுகைக்கான ஏற்றுமதியாளர் பதிவெண்) உள்ள மூல அறிக்கை, அதாவது சரக்கு எந்த நாட்டில் உருவானது என்ற அறிக்கை, 150 பெட்டிக்கும் சேர்த்து ஒன்றே. 30-க்குத் தனி அறிக்கையை டாக்காவிலிருந்தே, ஏற்றும்போதே வாங்கிவிட வேண்டுமா? கிடங்கின் பிரிப்புப் பதிவேடும் பழைய அறிக்கையின் நகலும் டப்ளினில் செல்லுபடியானதுண்டா? டி1-க்கான வரி உத்தரவாதத்தை ஏஜென்ட் தன் பெயரில் தர எவ்வளவு கேட்கிறார்கள்?

விண்ட்சர் ஏற்பாட்டின் (வட அயர்லாந்து வணிகத்துக்கான பிரிட்டன்-ஐரோப்பிய ஒன்றிய உடன்பாடு) பச்சைப் பாதையைச் சொல்லாதீர்கள், அது வட அயர்லாந்திலேயே தங்கும் சரக்குக்கு. ஐரோப்பியச் சுங்க ஒன்றியத்தில் பிரிட்டன் திரும்பச் சேரலாமா என்ற சண்டையை வெஸ்ட்மின்ஸ்டருக்கே விட்டுவிடுவோம். கப்பல் அதற்குள் வந்துவிடும்.