மாத்தூருக்கு வருவோரின் பணம் ஊரில் தங்க என்ன வழி?

திருவட்டாறு வாசி கேட்டது:
நண்பர்களே, விடுமுறை நாள்களில் நம் கன்னியாகுமரி மாவட்டத்து மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கு வேன்கள் வரிசையாக வருகின்றன. பாசனத்துக்காகப் பறளியாற்றின் குறுக்கே 1966-இல் கட்டப்பட்ட, 115 அடி உயரமுள்ள அந்தப் பாலத்தில் நடந்து, படம் எடுத்துக்கொண்டு, அரை மணி நேரத்தில் திற்பரப்பு அருவிக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். சென்ற ஞாயிறன்று என் சித்தி இரண்டு குலை மட்டி வாழைப்பழம் கொண்டுபோய் வைத்தார். மாலையில் ஒன்றரைக் குலை, தோல் கறுத்துக் காம்பு விட்டு உதிரத் தொடங்கிய நிலையில், வீட்டுக்கே திரும்பி வந்தது. இவ்வளவு கூட்டத்தால் ஊர்க்காரருக்கு என்ன கிடைக்கிறது?

கன்னியாகுமரி விடுதி ஊழியர்:
உங்கள் சித்தியின் பழத்தை நாங்கள் வாங்கியிருப்போம் என்பதுதான் வருத்தம். 2024 டிசம்பரில் கண்ணாடிப் பாலம் திறந்தபின் இங்கே கூட்டம் கூடியிருக்கிறது. ஆனால் எங்கள் சமையலறைக்கு வரும் காயும் பழமும் மொத்த வியாபாரி வழியாகத்தான் வருகின்றன. மட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததைச் சொல்லிக் காலை உணவோடு ஆளுக்கு ஒரு பழம் வைத்தோம். அதைத் தின்றவர்கள் எங்கே வாங்கலாம் என்று கேட்டார்கள். சில்லறையாக விற்பதைவிட, மகளிர் சுய உதவிக் குழுவாகச் சேர்ந்து, அன்றன்று பழுக்கும் குலையைக் காலை ஆறு மணிக்குள் தருவதாக ஒரு விடுதியிடம் பேசுங்கள். மட்டி அதிக நாள் தாங்காது என்பதால், இந்த ஒழுங்கு இருந்தால்தான் வாங்குபவர் நம்புவார்.

தக்கலைக்காரர்:
பத்மநாபபுரம் அரண்மனை கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருப்பதால் அதன் நுழைவுச்சீட்டு வருமானம் நமக்கு வருவதில்லை. ஆனாலும் இரண்டு மணி நேரம் சுற்றிவிட்டுப் பசியோடு வெளியே வருபவர்களால் வாசலில் உள்ள கடைகள் பிழைக்கின்றன. மாத்தூரிலும் ஆற்றங்கரைப் படிகளில் இறக்கி, 28 தூண்களின் அடியில் நின்று, ஒரு குன்றிலிருந்து மறு குன்றுக்குத் தண்ணீர் போகும் விதத்தை ஊர் இளைஞர் ஒருவர் விளக்கினால், அவர்கள் அரை மணியில் கிளம்ப மாட்டார்கள்.

முன்னாள் வார்டு உறுப்பினர்:
பாலத்தருகே கடை வைக்கும் இடம் உள்ளூர்ப் பெண்களுக்கு முதலில் தரப்பட வேண்டும், கழிப்பறையும் குப்பை அகற்றலும் வேண்டும் என்பதைக் கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். ஆண்டுக்கு ஆறு முறை கூடும் சபையில் நவம்பர் 1-ஆம் நாளும் ஒன்று. 1956-இல் நம் மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த நாளும் அதுவே. ஊராட்சியின் வரவு செலவை அங்கேயே கேட்கலாம்.

திருவட்டாறு வாசி:
மிக்க நன்றி. சித்தியின் குழுவில் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள். காலை ஆறு மணிக்குப் பழத்தை விடுதியில் சேர்க்கும் வண்டிச் செலவை யார் ஏற்பது, குழுவா விடுதியா?