மறு: கரந்துறை சிற்றினமா, உருவொத்த சிற்றினமா? வெள்ளிக்குள் முடிவு வேண்டும்

அன்புள்ள நண்பர்களுக்கு,

இந்த இழை நாற்பது மடல்களைத் தாண்டிவிட்டது. ஒவ்வொன்றையும் இரண்டு முறை படித்தேன். ஆனால் கால்நடை ஒட்டுண்ணியியல் நூலின் ஐந்தாம் இயல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். ஒரு படத்தின் அடியில் வரவேண்டிய ஒரே சொல்லுக்காக அது நிற்கிறது: பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தும் உண்மையில் வேறுவேறான சிற்றினங்களை (ஆங்கிலத்தில் cryptic species) தமிழில் எப்படிச் சொல்வது?

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகப் படத்தை மறுபடி சொல்லிவிடுகிறேன். கன்றுகளின் சாணத்திலிருந்து செய்த இரண்டு சிலைடுகள், பக்கம் பக்கமாக. பச்சைப் பின்னணியில் இளஞ்சிவப்பாகச் சாயமேறிய சின்னச் சின்ன உருண்டைகள், ஊசிஸ்ட்டுகள்; குடல் ஒட்டுண்ணி சாணத்தோடு வெளியேறும் உறையிட்ட நிலை. இடப்பக்கம் இருப்பது கிரிப்டோஸ்போரிடியம் பார்வம், வலப்பக்கம் கிரிப்டோஸ்போரிடியம் போவிஸ். இரண்டுமே ஏறக்குறைய 5 மைக்ரோமீட்டர் நீளம், 4.5 அகலம். அளந்து பார்த்தும் பிரிக்க முடியாது, சாயத்தை மாற்றியும் பிரிக்க முடியாது. பார்வத்தை டைசர் 1912-இல் எலியின் சிறுகுடலில் கண்டு விவரித்தார். போவிஸ் தனிச் சிற்றினம் என்று பெயர் பெற்றது 2005-இல்தான், மரபணு வரிசையைப் படித்த பிறகு. அதற்கு முன் நுண்ணோக்கியை மட்டும் நம்பியவர்கள் இதையும் பார்வம் என்றே எழுதிவைத்திருப்பார்கள். பார்வம் பால்குடிக் கன்றுக்குக் கழிச்சல் கொடுக்கும், மனிதருக்கும் தொற்றும். போவிஸ் பெரும்பாலும் பால் மறந்த கன்றுகளில் நோய்க்குறி ஏதும் இல்லாமல் இருந்துவிட்டுப் போகும். அதனால்தான் இந்த வேறுபாடு மாணவர் மனத்தில் பதியவேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறேன்.

போன வாரம் இந்தப் படத்தை வகுப்பில் பெயர்களை மறைத்துக் காட்டி, என்ன வேறுபாடு என்று கேட்டேன். ஒரு மாணவி எழுந்து வந்து திரைக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வோர் உருண்டையாகப் பார்த்தாள். கடைசியில், "ஒரே படத்தை ரெண்டு தடவை ஒட்டிட்டீங்களா சார்?" என்றாள். எனக்கு வேண்டிய சொல் அந்தக் கேள்விக்குப் பதிலாக நிற்கவேண்டும்.

> மறைசிற்றினம் என்று வையுங்கள். சுருக்கமாக இருக்கிறது, யாருக்கும் புரியும்.

மறை என்றதும் வேதம் நினைவுக்கு வரும் என்று ஒருவர் மறுத்தார். அந்தத் தடை எனக்குப் பெரிதாகப் படவில்லை. மறைபொருள், மறைமுகம் எல்லாம் தினமும் புழங்குகிறவைதாமே. என் பயம் வேறு. மாணவன் இந்தத் தொகையை விரித்தால் 'மறைந்த சிற்றினம்' என்று வரும். மறைந்த என்றால் இன்று நம் காதில் விழுவது இறந்த என்பதுதான். அழிந்துபோன சிற்றினங்களுக்கு வேறு பாடம் இருக்கிறது. அந்தக் குழப்பம் இங்கே வேண்டாம்.

> கரந்துறை சிற்றினம். நடுவில் ச் கிடையாது. வினைத்தொகை.

இலக்கண ஆசிரியர் ஐயா சொன்னது சரி. உறை என்பதை 'தங்கு' என்ற பொருளில் வினையாகக் கொண்டால் ஊறுகாய், சுடுசோறு போல வல்லினம் மிகாது. பெயராகக் கொண்டால்தான் மிகும். இதற்கு மூன்று நாள் போனது என்று சிலர் சலித்துக்கொண்டார்கள். ஆனால் எனக்கு அதில் பயன் இருந்தது. இதே படக்குறிப்பில் 'ஊசிஸ்ட்டின் தடித்த உறை' என்ற தொடரும் வருகிறது. அச்சுக்கோப்பில் ஒரு ச் தவறி நுழைந்தால் போதும், 'உறைச் சிற்றினம்' என்று, உறைக்குப் பேர்போன ஏதோ ஒன்றாகிவிடும். ஒற்றெழுத்தை நம்பி நிற்கும் சொல்லைப் பாடநூலில் வைக்க எனக்குத் துணிவில்லை.

பொருளிலும் எனக்கு ஓர் உறுத்தல். கரத்தல் என்றால் தெரிந்தே ஒளிப்பது. 'காக்கை கரவா கரைந்துண்ணும்' என்கிற குறளில் கரவா என்பதற்கு ஒளிக்காமல் என்று பொருள்; இருப்பதை ஒளிக்கும் எண்ணம் இருந்தால்தான் அது கரவு. போவிஸ் எதை ஒளித்தது? சிலைடில் பளிச்சென்று கிடக்கிறது. அடையாளம் காணத் தெரியாதது நம் கண்ணுக்குத்தான்.

இப்படி எழுதிவிட்டு அனுப்பப் போகும்போது, இந்த இழையில் நம்மோடு எழுதிவரும் அம்மாவின் மடல் வந்தது. அதை அப்படியே தருகிறேன்:

> சித்திரகவியில் கரந்துறைப் பாட்டு என்று ஒரு வகை உண்டு. ஒரு செய்யுளின் எழுத்துகளுக்குள்ளேயே இன்னொரு செய்யுள் கிடக்கும். மேலோட்டமாகப் படித்தால் ஒரு பாட்டுதான். எழுத்தெழுத்தாகப் பொறுக்கினால் மற்றது எழுந்து வரும். அந்தப் பாட்டு தானாகவா ஒளிந்தது? நீங்கள் மரபணு எழுத்துகளைப் படித்துக் கண்டுபிடித்ததும் இதேதான்.

அம்மா, இதைப் படித்துவிட்டு வெகுநேரம் விடை எழுத முடியவில்லை. இவ்வளவு அழகான பொருத்தத்தை நான் எதிர்பார்க்கவில்லை. இயலின் முன்னுரையில் இதை ஒரு பத்தியாகச் சேர்க்க அனுமதி கேட்கிறேன். ஆனாலும் சொல்லாக வைக்கத் தயங்குகிறேன். கோழிகளின் குடல் ஒட்டுண்ணியான எமீரியாவைப் பாருங்கள். நீண்ட காலம் ஏழு சிற்றினங்கள் என்றே பாடம் நடந்தது. பிறகு எக்ஸ், ஒய், இசட் என்று எழுத்தால் மட்டும் குறிக்கப்பட்ட மூன்று குழுக்கள் 2021-இல் லாட்டா, நகாம்பி, சாரியா என்று பெயரே பெற்றுவிட்டன. கண்டுபிடித்துப் பெயரும் வைத்த பிறகு கரந்து உறைவது எங்கே? உருவ ஒற்றுமை மட்டும் அப்படியே இருக்கிறது.

அதனால்தான் என் வாக்கு 'உருவொத்த சிற்றினங்கள்' என்பதற்கு. பெயரெச்சம் என்பதால் ஒற்றுச் சண்டையும் இல்லை. 'வடிவொத்த' என்றே வைக்கலாமே, பள்ளிக் கணக்கில் பழகிய சொல்தானே என்று கேட்டவருக்கு: பழகியதுதான் தடை. வடிவொத்த முக்கோணங்கள் அளவில் வேறுபடலாம். 2008-இல் பெயர் பெற்ற கிரிப்டோஸ்போரிடியம் ரயானேயும் கன்றின் குடலில் வாழ்வதுதான், ஆனால் 4 மைக்ரோமீட்டருக்கும் சிறியது. கணக்குப்படி அதுதான் வடிவொத்தது. போவிஸைச் சர்வசமம் என்று சொல்லவேண்டியிருக்கும்.

இலங்கை நண்பர்கள் சிற்றினம் எதற்கு, இனம் போதுமே என்கிறார்கள். அங்கே பேரினத்துக்குச் சாதி, சிற்றினத்துக்கு இனம் என்று பழகியது தெரியும். கால்நடை நூலில் மட்டும் அது இயலாது. மாட்டினம், ஆட்டினம் என்று இனம் இங்கே வேறு வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒட்டுண்ணி என்பதையே மாற்றச் சொன்ன ஐயாவுக்கும் ஒரு சொல்: குடலுக்குள் வாழ்வதற்கு உண்ணியின் பெயர் எதற்கு என்ற உங்கள் கேள்வி நியாயம்தான். குடல்வாழி கேட்க நன்றாகவும் இருக்கிறது. ஆனால் 'கடிசொல் இல்லைக் காலத்துப் படினே' என்று தொல்காப்பியமே விட்டுக்கொடுக்கிறது. ஊன்றிவிட்ட சொல்லை இனிமேல் பிடுங்கவேண்டாம்.

ஆக, இதுவரை எழுதியவர்களில் பெரும்பாலோர் உருவொத்த சிற்றினங்கள் பக்கம். சிலர் சோர்ந்துபோய்ச் சம்மதித்திருப்பதும் எனக்குத் தெரியும். படக்குறிப்பில் அதையே போடுகிறேன். சொல்லடைவில் கரந்துறை சிற்றினம் என்பதையும் அதன் அருகில் தருகிறேன், ச் இல்லாமல்.

அம்மா கடைசியாகக் கேட்டதற்கு மட்டும் என்னிடம் விடை இல்லை. 'பார்வமும் போவிஸும் உருவொத்த சிற்றினங்கள்' என்றால் தொடர் நிற்கிறது. 'போவிஸ் ஓர் உருவொத்த சிற்றினம்' என்றால் எதை ஒத்தது என்று வாக்கியம் தொங்குகிறது. 'போவிஸ் ஒரு கரந்துறை சிற்றினம்' தனியாகவே நிற்கிறது. இயலின் மூன்று இடங்களில் ஒருமையில் எழுதவேண்டியிருக்கிறது. இப்போதைக்கு 'பார்வத்தோடு உருவொத்த சிற்றினம்' என்று நீட்டி எழுதியிருக்கிறேன். இதைவிட நல்லது தோன்றினால் வியாழன் இரவுக்குள் எழுதுங்கள்.